விழுந்த டிஸ்கை உடனே சேர்க்க வேண்டாம்

கேள்வி:

அண்ணை, அப்பா சுன்னாகத்தில் தொடங்கின ஸ்ரூடியோவை இப்போது நான் பார்க்கிறேன். படங்கள் முழுக்கப் பின்னறையில் இருக்கிற ஒரு பழைய கொம்பியூட்டரில் இருக்கின்றன. லினக்ஸ், 4 டெராபைட் டிஸ்க் இரண்டு, ரெய்ட் 1 மிரர் (இரண்டிலும் ஒரே தரவு), ஈஎக்ஸ்ரி4 கோப்புமுறைமை. ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்றுதான் அப்படிப் போட்டது. 2.6 டெராபைட் அளவு நிரம்பியிருந்தது. போன கிழமை இடிமழைக்குள் கறண்ட் மூன்று தரம் போய்ப் போய் வந்தது. அதோடு படங்கள் இருக்கிற பகுதி திறக்கவில்லை. 'ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்' என்று மட்டும் சொல்கிறது. மிரரின் நிலையைப் பார்த்தால் இரண்டு 'யூ' இருக்கவேண்டிய இடத்தில் ஒரு அடிக்கோடும் ஒரு 'யூ'வும்தான். இரண்டு டிஸ்கையும் தனித்தனியே விசாரித்துப் பார்த்தேன். கடைசியாகப் புதுப்பித்த திகதி முதலாவதில் ஓகஸ்ட் 17, இரண்டாவதில் நவம்பர் 23. முதலாவதைக் கழற்றி மகனின் விண்டோஸ் மெஷினில் போட்டேன். போர்மற் பண்ணவா என்று கேட்டது. 'நோ' அடித்துவிட்டுக் கழற்றிவிட்டேன்.

முதலில் அந்த டிஸ்கைச் சேர்த்து மிரரை முழுசாக்கிவிட்டு, பிறகு கோப்புமுறைமையைத் திருத்துகிற எஃப்எஸ்சிகேயை எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' சொல்லும்படி ஓடவிடச் சொல்கிறார் ஒரு நண்பர். செய்யவா? இல்லாவிட்டால் கொழும்புக்கு அனுப்பவா? இந்த வருடத்துக் கலியாணங்களும், அப்பாவின் நெகட்டிவ்களை ஸ்கான் பண்ணி வைத்ததும் அதற்குள்தான்.

பதில்:

தம்பி, மிரரைச் சேர்க்க வேண்டாம். மெஷினை நிற்பாட்டி, வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

நீங்கள் எழுதினதில் மிகப் பெறுமதியானது அந்த இரண்டு திகதிகள். கடிதத்தைப் பார்த்தால், போன கிழமை இடிதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. நடந்தது வேறு. உங்கள் மிரர் ஓகஸ்ட் 17 அன்றே உடைந்துவிட்டது. அன்றைக்கு முதலாவது டிஸ்க் கூட்டத்திலிருந்து விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் இரண்டாவது தனியாக ஓடியிருக்கிறது, உங்களுக்குத் தெரியாமலே. ஒன்று விழுந்தாலும் வேலை நிற்கக்கூடாது என்பதற்குத்தானே மிரர்; அது அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்தது. நவம்பர் 23 அன்று கெட்டது அந்த ஒற்றை டிஸ்கில் இருந்த கோப்புமுறைமை, அதாவது எந்தக் கோப்பு டிஸ்கில் எங்கே இருக்கிறது என்ற கணக்கு.

இப்போது உங்கள் கையில் இருப்பது ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் இல்லை. ஓகஸ்ட் 17 வரைக்குமான, பெரும்பாலும் நல்லாயிருக்கிற ஒரு பிரதி ஒன்று. நவம்பர் வரைக்குமான, உடைந்த பிரதி மற்றது. இதை வேறு விதமாகப் பார்த்தால், நீங்கள் எடுக்காத ஒரு பேக்கப்பைத் தற்செயல் எடுத்துத் தந்திருக்கிறது. விழுந்த டிஸ்க்தான் அந்தப் பேக்கப்.

நண்பர் சொன்னபடி அதை மிரரில் சேர்த்தால் என்ன நடக்கும்? ஒவ்வொரு டிஸ்கிலும் மிரர் தன் விபரத்தை எழுதி வைக்கிற தலைப்பு உண்டு, அதில் நிகழ்வு எண் என்று ஒன்று இருக்கிறது. மிரரின் நிலை மாறும்போதெல்லாம் அது கூடிக்கொண்டு போகும். லினக்ஸின் ரெய்ட் கருவியான எம்டிஏடிஎம், எண் கூடினதைப் புதிது என்றும் குறைந்ததைப் பழையது என்றும் எடுத்துக்கொள்ளும். (பெயரில் ஏடிஎம் இருந்தாலும் போட்டது அப்படியே திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.) பழையதைச் சேர்த்த கையோடு புதியதிலிருந்து பழையதற்கு நகல் ஓடத் தொடங்கும். உடைந்த நவம்பர், நல்ல ஓகஸ்ட்டின் மேல் எழுதப்படும். மாற்றங்களைக் குறித்து வைக்கிற பிட்மப் போட்டு வைத்திருந்தால் இன்னும் மோசம்: மாறின இடங்களை மட்டும் தேடி எழுதும், சில நிமிடங்களில் முடிந்துவிடும், கையைப் பிடித்து நிற்பாட்ட நேரம் கிடையாது. முடிவில் நிலை வரியில் இரண்டு 'யூ' அழகாக நிற்கும். உடைந்த கோப்புமுறைமை இரண்டு டிஸ்கில் ஒரே மாதிரி இருக்கும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இதை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ரியூசன் சென்ரரின் வினாத்தாள்கள் இருந்த மெஷின் வந்தது. உங்களுடையதைப் போலவேதான்: ஒன்று முந்தியே விழுந்தது, மற்றதில் கோப்புமுறைமை கெட்டது. 'முதலில் மிரரை முழுசாக்குவோம்' என்று நானும் நினைத்தேன், அது ஒழுங்கான வேலைபோலத் தெரிந்தது. இரவு முழுக்க ஓடி முடிந்த பிறகு எஃப்எஸ்சிகே போட்டேன். பாதிக் கோப்புகள் பெயரில்லாமல் ஒரு கோப்புறைக்குள் வந்து விழுந்தன, மற்றப் பாதி வரவே இல்லை. அப்போதுதான் இரண்டு திகதிகளையும் எழுதி வைத்திருந்த துண்டு என் மேசையில் கிடந்தது கண்ணில் பட்டது. பழைய டிஸ்கில் எல்லாம் முழுசாக இருந்திருக்கும். நானே அதை அழித்திருந்தேன். அந்த மாஸ்ரர் என்னைத் திட்டவில்லை, தேத்தண்ணி போட்டுத் தந்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சரி, உங்கள் கதைக்கு வருவோம்.

ஓகஸ்ட் 17 என்பது தமிழ் ஆவணி முதலாம் திகதி அளவில் வரும். ஆடி முழுக்கச் சும்மா இருந்த கமரா ஆவணி பிறந்ததும் ஓடத் தொடங்கும். அந்தக் கிழமைதான் டிஸ்க் விழுந்திருக்கிறது. ஆகவே ஆவணிக்குப் பிறகு எடுத்த கலியாணங்கள், சாமத்திய வீடுகள் எல்லாம் இரண்டாவது டிஸ்கில் மட்டும்தான் இருக்கின்றன. அதற்கு முந்தினவை, அப்பாவின் நெகட்டிவ் ஸ்கான் உட்பட, விழுந்த டிஸ்கில் இருக்கவேண்டும், ஸ்கான் வேலை ஓகஸ்ட்டுக்கு முந்தியே முடிந்திருந்தால். 95 இடப்பெயர்வில் அல்பத்தை விட்டுவிட்டு வெளிக்கிட்ட சனம் இன்னமும் பழைய ஸ்ரூடியோக்களைத் தேடி வந்து 'எங்கட கலியாணப் படம் ஏதும் இருக்கோ' என்று கேட்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த நெகட்டிவ்கள் தப்பியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பயப்படவேண்டியது மூன்று மாதத்து வேலைக்குத்தான்.

அந்த மூன்று மாதத்தையும் டிஸ்கில் தேடுவதற்கு முதல் வெளியில் தேடுங்கள். கமராவின் மெமரிக் கார்டுகளை உடனே ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டுங்கள், ஒருவரும் எடுக்கக்கூடாது. கமராவில் போர்மற் பண்ணின கார்ட்டிலும், மேலே திரும்ப எழுதாத வரைக்கும் படங்கள் பெரும்பாலும் கிடக்கும். அல்பம் அடித்த இடத்துக்கு அனுப்பின படங்கள் அங்கே இருக்கலாம். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பென் டிரைவில் கொடுத்தது, கனடாவுக்கு இணைப்பு அனுப்பினது, உதவிக்கு வந்த இரண்டாவது கமராக்காரரின் லப்ரொப் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் கலியாணம் கலியாணமாக எழுதுங்கள். அரைவாசி அப்படியே கிடைத்துவிட்டால் எங்கள் கை நடுங்காது.

இனி டிஸ்க் வேலை. முதலில் இரண்டிலும் ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டி 'ஓகஸ்ட்', 'நவம்பர்' என்று எழுதுங்கள். ஒட்டுப் பேப்பரில் சீரியல் இலக்கத்தின் கடைசி நாலு எழுத்தையும் எழுதுங்கள். மெஷினுக்குள் டிஸ்கின் பெயர் ஒவ்வொரு தரமும் மாறலாம், சீரியல் மாறாது. நகல் எடுக்கும்போது திசை மாறி வெறும் டிஸ்கை நல்ல டிஸ்கின் மேல் எழுதினவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் முட்டாள்கள் இல்லை, இரவு ஒரு மணிக்கு வேலை செய்தவர்கள்.

இரண்டு புது டிஸ்க் வேண்டும், ஒவ்வொன்றும் 4 டெராபைட்டுக்குக் குறையாமல். செலவுதான், ஆனால் வேலை முடிந்ததும் அவைதான் உங்கள் புது மிரர், வீண்போகாது. 8 டெராபைட் ஒன்று வாங்கினால் இரண்டு நகலும் கொள்ளும் என்று கணக்குப் போடவும் வேண்டாம். நாலும் நாலும் எட்டுத்தான், ஆனால் புது டிஸ்கிலும் ஒரு கோப்புமுறைமை போடவேண்டுமே, அதற்கு இடம் போக மயிரிழையில் கொள்ளாது. இரண்டாவது நகல் முடியப் போகும்போதுதான் அது தெரியவரும்.

பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ் ஒன்றால் மெஷினைத் தொடக்குங்கள். அதற்கு முதல், அதே பென் டிரைவில் மெம்ரெஸ்ற் என்ற சோதனைக் கருவியை வைத்து ஒரு இரவு ரம்மை, அதாவது மெஷினின் வேலை நினைவைச் சோதியுங்கள், டிஸ்க் ஒன்றையும் கொழுவாமல். இதை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. ஈஎக்ஸ்ரி4க்கு ஜேர்னல் என்று ஒரு நாட்குறிப்பு உண்டு. மாற்றத்தைச் செய்வதற்கு முதல் அதில் எழுதிவிட்டுத்தான் செய்யும். கறண்ட் போனால் மறுதரம் தொடங்கும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொள்ளும். ஆகவே வெறும் கறண்ட் போனதால் மட்டும் கோப்புமுறைமை இப்படி உடைவது வழக்கமில்லை. வேறு ஏதோ கூட்டாளி இருக்கிறான். டிஸ்க், தன் தற்காலிக நினைவில் இருந்ததை 'எழுதிவிட்டேன்' என்று பொய் சொல்லியிருக்கலாம். முக்கியமான இடத்தில் ஒரு செக்டர், அதாவது டிஸ்கின் ஒரு சின்னத் துண்டு, கெட்டிருக்கலாம். அல்லது ரம் பழுது. பழுதான ரம்மோடு எஃப்எஸ்சிகே ஓடினால், அது சரியான கணக்கைப் பிழையாக வாசித்து, பிழையாகத் திருத்தி, நம்பிக்கையோடு எழுதிவிடும்.

ரம் சரியென்றால், 'நவம்பர்' டிஸ்கையும் ஒரு புது டிஸ்கையும் மட்டும் கொழுவுங்கள். 'ஓகஸ்ட்' பக்கத்திலேயே வரக்கூடாது. சில லினக்ஸ்கள் ரெய்ட் டிஸ்கைக் கண்டதும் கேட்காமலே கூட்டிச் சேர்த்துவிடும். டிஸ்க் தன் சுகநலத்தைத் தானே குறித்து வைக்கிற ஸ்மார்ட் அறிக்கையை முதலில் எடுங்கள். அதில் நீண்ட பட்டியல் வரும், உங்களுக்கு வேண்டியது நாலு வரிதான். 5 ஆம் இலக்கம், மாற்றி வைத்த செக்டர்கள். 197, வாசிக்க முடியாமல் காத்திருக்கிற செக்டர்கள். 198, கடைசிவரை வாசிக்க முடியாதவை. 199, வயரில் வந்த பிழைகள். 197 இல் பூச்சியத்துக்கு மேல் ஏதாவது இருந்தால் கூட்டாளி பிடிபட்டான் என்று வையுங்கள். மிரர் முழுசாக இருந்திருந்தால் அந்தச் செக்டரை மற்ற டிஸ்கிலிருந்து வாசித்துத் தானே திருப்பி எழுதியிருக்கும். தனியாக ஓடின டிஸ்குக்குக் கேட்க ஆள் இல்லை.

பிறகு டிடிரெஸ்கியூ. சாதாரண நகல் கட்டளை பழுதான இடத்தில் தடக்கி நின்றுவிடும். இது அப்படி இல்லை, நல்லாயிருக்கிற பகுதியை முதலில் அள்ளிக்கொண்டு, கஷ்டமான இடங்களைக் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் திரும்பி வரும். குறிக்கிற அந்தக் கோப்புக்கு மப் கோப்பு என்று பெயர். அதை மறக்காமல் கொடுங்கள், மூன்றாவதாக ஒரு பென் டிரைவில் எழுத விடுங்கள். அது இருந்தால் நடுவில் கறண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. 4 டெராபைட்டை வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் வாசித்தாலும் ஏழரை மணித்தியாலம் ஆகும். அதையே யூஎஸ்பி 2 துளையில் செருகினால் ஒன்றேகால் நாள் தாண்டும், ஆகவே மெஷினுக்குள்ளேயே சாட்டா வயரில் கொழுவுங்கள். கடையில் விற்கிற சின்ன யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது, தாங்கவேண்டியதும் இல்லை. ஒழுங்காக நிற்பாட்ட பத்து நிமிடம் தந்தால் போதும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டபோது என் மேசையில் ஒரு நகல் பாதியில் நின்றது. மப் கோப்பு இருந்தபடியால் பின்னேரம் அங்கேயிருந்தே தொடர்ந்தேன்.

நகல் முடிந்ததும் மூலமான 'நவம்பர்' டிஸ்கைக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள். நகலும் மூலமும் ஒரே நேரத்தில் ஒரே மெஷினில் இருக்கக்கூடாது. இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றுதான், எது எது என்று கருவி குழம்பும்.

அடுத்தது 'ஓகஸ்ட்'. இது எனக்கு மிகப் பிடித்த கட்டம், ஏனென்றால் பெரும்பாலும் நல்ல செய்தி வரும். அதையும் இரண்டாவது புது டிஸ்கையும் கொழுவி, எதற்கும் முதல் 'ஓகஸ்ட்' டிஸ்குக்கு எழுதத் தடை போடுங்கள். லினக்ஸில் ஒரு வரிக் கட்டளைதான், புளொக்டெவ். பிறகு அந்த ஒற்றை டிஸ்கை வைத்து மிரரை வாசிக்க மட்டும் என்று கூட்டி, கோப்புமுறைமையையும் வாசிக்க மட்டும், ஜேர்னலை ஓட்டாமல் திறக்கச் சொல்லுங்கள். 'நோலோட்' என்ற தெரிவு அதற்குத்தான். ஓகஸ்ட் 17 அன்று கடைசி நிமிடத்தில் எழுதிக்கொண்டிருந்த சில கோப்புகள் அலங்கோலமாக இருக்கலாம், மற்றவை அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் புது டிஸ்குக்கு நகல் எடுங்கள். அப்பாவின் கோப்புறையை முதலில். அது முடிந்த இரவு நிம்மதியாகப் படுங்கள், மிச்சத்தை அடுத்த நாள் பார்க்கலாம்.

விண்டோஸ் போர்மற் பண்ணக் கேட்டது டிஸ்க் வெறுமை என்பதால் இல்லை. அதற்கு லினக்ஸ் ரெய்டும் தெரியாது, ஈஎக்ஸ்ரி4உம் தெரியாது, தெரியாததை எல்லாம் வெறும் காணி என்றுதான் சொல்லும். 'நோ' அடித்தீர்கள், அதற்காக உங்களுக்கு ஒரு கும்பிடு.

காணி என்ற சொல்லை எடுத்ததால் எஃப்எஸ்சிகேயை அதை வைத்தே சொல்லிவிடுகிறேன். கோப்புமுறைமை ஒரு காணிக் கந்தோர். ஐநோட் என்பது காணி உறுதி: இந்தக் கோப்பு இந்த இந்தத் துண்டுகளில் இருக்கிறது என்று சொல்லும். எந்தத் துண்டு வெறுமை, எது பிடிபட்டது என்று ஒரு இடாப்பு உண்டு. கந்தோர் முழுவதற்குமான முதல் பக்கம் சுப்பர்பிளொக். எஃப்எஸ்சிகே என்பது மேலிடத்திலிருந்து வந்த ஒரு கண்டிப்பான கிளாக்கர். அவருக்கு ஒரே ஒரு கவலைதான்: இடாப்பும் உறுதியும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கக்கூடாது. ஒரே காணிக்கு இரண்டு உறுதி கண்டால் ஏதாவது செய்து தீர்ப்பார். வாசிக்க முடியாத உறுதியைக் கண்டால் 'கிழித்துப் போடவா' என்று கேட்பார். 'ஆம்' என்றால் கிழிப்பார். கந்தோர் சுத்தமாகும். உங்கள் காணி கிடைத்ததா என்பது அவருடைய வேலை இல்லை. எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்பதற்கு அர்த்தம் இதுதான்.

அதற்காக 'ஆம்' சொல்லவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மூல டிஸ்கில் கூடாது. நகலில் தாராளமாகச் சொல்லலாம், பிழைத்தால் இன்னொரு நகல். ஆயிரக்கணக்கில் வருகிற கேள்விக்கு ஒவ்வொன்றாக இருந்து பதில் சொல்ல மனிசரால் முடியாது. ஆனால் முதல் ஓட்டம் 'என்' (n) என்ற ஆங்கில எழுத்துத் தெரிவோடு இருக்கட்டும். அப்போது கிளாக்கர் எதையும் தொடாமல் குறைகளை மட்டும் வாசிப்பார். அதை ஒரு கோப்பில் பிடித்து எத்தனை வரி என்று பாருங்கள். சில நூறு வரி என்றால் மூச்சு விடலாம். லட்சக்கணக்கில் வந்தால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள், அது வேறு பாதை.

முதல் பக்கமே கெட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஈஎக்ஸ்ரி4 சுப்பர்பிளொக்கின் பிரதிகளைப் பல இடங்களில் ஒளித்து வைத்திருக்கிறது. ஒரு துண்டு (பிளொக்) 4 கிலோபைட் என்றால் 32768, 98304, 163840, 229376 என்று போகும். இந்த இலக்கங்களில் ஒன்றைக் கொடுத்துக் கிளாக்கரை அங்கிருந்து தொடங்கச் சொல்லலாம். உங்கள் நண்பர் இந்த இடத்தில் இன்னொரு யோசனை சொல்லக்கூடும்: புதுக் கோப்புமுறைமை போடும் கட்டளையை ஒத்திகைத் தெரிவோடு ஓட்டினால் இலக்கங்களைப் பட்டியலிடும் என்று. உண்மைதான். ஆனால் ஒத்திகை எழுத்து ஒன்றை அடிக்க மறந்தால் அது ஒத்திகை இல்லை, அரங்கேற்றம். மேலே எழுதின நாலு இலக்கத்தையும் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகாமல் இருங்கள்.

இன்னுமொன்று, இதில்தான் கன பேர் தடுமாறுகிறார்கள். நகலை வைத்துக் கூட்டின மிரரின் பெயரில்தான் எஃப்எஸ்சிகேயை ஓட்டவேண்டும், டிஸ்கின் பெயரில் இல்லை. இப்போது வழக்கத்தில் உள்ள ரெய்ட் தலைப்பு டிஸ்கின் முன்பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளும், கோப்புமுறைமை அதற்குப் பிறகு கன தூரம் தள்ளித்தான் தொடங்கும். நேரே டிஸ்கில் தேடினால் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று வரும். சனம் அதை நம்பி எல்லாம் அழிந்தது என்று முடிவு கட்டிவிடும். தலைப்பைக் கடைசியில் வைக்கிற பழைய வகையில் ஆபத்து மறுபக்கம்: நேரே ஓட்டினால் ஓடும், ஒரு டிஸ்க் மட்டும் திருந்தும், மற்றதோடு ஒத்துப்போகாது, மிரருக்கு அது தெரியவும் வராது.

ஓடி முடிந்ததும் லொஸ்ற் அன்ட் பவுண்ட் என்ற கோப்புறையைத் திறவுங்கள். உறுதி இருந்து பெயர் போன கோப்புகள் எல்லாம் ஒரு இலக்கத்தோடு அங்கே கிடக்கும். முழுக் கோப்புறை ஒன்று வந்து விழுந்திருந்தால் அதற்குள் இருக்கிற பெயர்கள் தப்பியிருக்கும், வெளிப்பெயர் மட்டும்தான் போயிருக்கும். நீங்கள் படக்காரராக இருப்பது இந்த இடத்தில் அதிர்ஷ்டம். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த திகதி, நேரம், கமரா எது என்பது எக்சிஃப் தகவலாக எழுதியிருக்கிறது. எக்சிஃப்ரூல் என்ற இலவசக் கருவி அதை வாசித்துத் திகதி வாரியாகத் தானே பிரித்து அடுக்கிவிடும். முகூர்த்தத் திகதிகள் உங்கள் கொப்பியில் இருக்கின்றன, யாருடைய கலியாணம் என்று கண்டுபிடிப்பது பத்து நிமிட வேலை. ரியூசன் சென்ரர் வினாத்தாளுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

அப்படியும் வராதவற்றுக்குத்தான் ஃபோட்டோரெக். அது உறுதியும் பார்க்காது, இடாப்பும் பார்க்காது. காணியைக் கிண்டி, படக் கோப்பின் தலை எங்கே தொடங்குகிறது என்று தேடி அள்ளும். பெயர் ஒன்றும் இருக்காது. படங்கள் நன்றாக வரும், துண்டு துண்டாக எழுதப்பட்ட பெரிய வீடியோக்கள் பெரும்பாலும் வராது. இதை முதலில் ஓட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை. இரண்டு லட்சம் பெயரில்லாத படங்களுக்கு நடுவில் இருந்து அழவேண்டி வரும்.

கொழும்புக்கு அனுப்புவதா என்று கேட்டீர்கள். டிஸ்க் தொடங்கும்போது டக் டக் என்று அடித்தால், அல்லது சுற்றுகிற சத்தமே வராவிட்டால், உடனே நிற்பாட்டி அனுப்புங்கள். அது தூசியில்லாத அறையில் திறந்து செய்கிற வேலை, இங்கே என்னாலும் முடியாது. டிடிரெஸ்கியூ ஆயிரக்கணக்கில் பிழை காட்டி ஊர்ந்தாலும் அப்படியே. அனுப்பினாலும் 'நவம்பர்' மட்டும் போகட்டும். பஸ்ஸில் பார்சலாகப் போடாமல் யாராவது மடியில் வைத்துக் கொண்டுபோகட்டும். வெறும் கோப்புமுறைமைப் பழுதுக்கு அனுப்பவேண்டியதில்லை, அவர்களும் இதே கருவிகளைத்தான் ஓட்டுவார்கள்.

மிரரைப் பற்றி உங்களுக்குக் கோபம் வரலாம். அதன்மேல் பிழை இல்லை. 1988 இல் பெர்க்லியில் பற்றர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்ட் என்று பெயர் சூட்டி வகைப்படுத்தினபோது அவர்கள் பேசினது டிஸ்க் பழுதாவதைப் பற்றித்தான். நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டிலும் அழியும். கோப்புமுறைமை குப்பையை எழுதினால் இரண்டிலும் அதே குப்பை. இரண்டு டிஸ்கும் ஒரு இடத்தில் வேறு வேறாக இருந்தாலும் எது சரி என்று மிரருக்குத் தெரியாது. 'ரிப்பெயர்' என்று சொன்னால் ஒன்றிலிருந்ததை மற்றதுக்குப் போட்டுவிடும், அவ்வளவுதான். இசட்எஃப்எஸ், பிரிஎஃப்எஸ் போன்ற வேறு கோப்புமுறைமைகள் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால் அவற்றுக்குத் தெரியும். அடுத்த மெஷினை நான் கட்டினால் இசட்எஃப்எஸ்தான் போடுவேன், ஆனால் இந்த நேரத்தில் புதிது கற்க வேண்டாம்.

படங்கள் எல்லாம் ஒரு புது டிஸ்கில் சேர்ந்த பிறகு, நகல் இருந்த மற்றப் புது டிஸ்கைத் துடைத்து, அதில் ஒற்றைக் கால் மிரர் ஒன்று கட்டி, படங்களை அதற்கு மாற்றி, எண்ணிக்கை சரிபார்த்து, பிறகு படங்கள் முதலில் சேர்ந்திருந்த புது டிஸ்கை இரண்டாம் காலாகச் சேருங்கள். சாட்டா வயர்களை மாற்றுங்கள். 'ஓகஸ்ட்' டிஸ்கின் ஸ்மார்ட் அறிக்கையில் 199 ஆம் இலக்கம் கூடியிருந்தால் அது விழுந்ததற்குப் பெரும்பாலும் வயர்தான் காரணம், டிஸ்க் சுகமாக இருக்கக்கூடும். இன்னொரு காரணமும் உண்டு: வீட்டுப் பாவனைக்கு விற்கிற டிஸ்க்குகள் பழுதான செக்டர் ஒன்றை வாசிக்க நிமிடக் கணக்கில் மல்லுக்கட்டும், லினக்ஸ் 30 வினாடிதான் பொறுக்கும், பிறகு டிஸ்க் செத்தது என்று எடுத்து வெளியே போட்டுவிடும். எம்டிஏடிஎம்மின் கண்காணிப்பை உங்கள் ஃபோனுக்கு மின்னஞ்சல் வரும்படி போட்டுவிட்டு, வந்து சேருகிறதா என்று ஒரு சோதனை மடலும் அனுப்பிப் பாருங்கள். ஓகஸ்ட்டில் அது ஒன்று இருந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. டெபியன் வழி வந்த லினக்ஸ்களில் மாதத்தின் முதல் ஞாயிறு மிரரை முழுக்க வாசித்துச் சரிபார்க்கிற வேலை தானே ஓடும், அது ஞாயிறு பிறந்து ஒரு மணியளவில் தொடங்கும், ஆகவே சனி இரவு மெஷினை நிற்பாட்டாமல் விடுங்கள்.

பழைய இரண்டு டிஸ்கையும் ஒரு மூன்று மாதம் தொடாதீர்கள், யாராவது ஒரு படத்தைக் கேட்டு வருவார்கள். பிறகு 'ஓகஸ்ட்' சோதனையில் தேறினால் அதில் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து, ஸ்ரூடியோவில் இல்லாமல் வேறொரு வீட்டில் வையுங்கள், மாதம் ஒருமுறை கொண்டுவந்து புதுப்பியுங்கள்.

டிடிரெஸ்கியூ முடிந்ததும் அதன் கடைசித் திரையையும், ஸ்மார்ட் அறிக்கையின் அந்த நாலு வரியையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள். எஃப்எஸ்சிகேயை 'என்' தெரிவோடு ஓட்டிப் பிடித்த கோப்பையும் சேர்த்து. அதைப் பார்த்துவிட்டுத்தான் 'ஆம்' சொல்வதா என்று முடிவெடுப்போம்.